சாரலில் பிடித்த குடை

1. நாலு கோல்

பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணிக்கு வேகப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் என் நினைவில் அழுத்தமாக நிற்பது ஜெயித்த ஆட்டம் எதுவும் இல்லை. தென்காசியில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த பயிற்சி ஆட்டம்தான். கேரளத்தில் புனலூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த ஒரு கிளப் பெண்கள், எங்கள் பிள்ளைகளை நிற்க வைத்து நாலு கோல் போட்டுவிட்டு, செங்கோட்டை வழியாகவே திரும்பிப் போய்விட்டார்கள்.

நிற்க வைத்து என்று சும்மா சொல்லவில்லை. பந்தோடு வருகிறவள் எந்தப் பக்கம் வெட்டப்போகிறாள் என்பது எங்கள் டிஃபெண்டர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் கடந்துபோன பிறகுதான் இவர்கள் கால் அசைந்தது. வாசலில் விருந்தாளியை வழியனுப்புகிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

தோற்றதுகூட எனக்குப் பெரிதில்லை. அதற்கு முந்தின நாள் இதே பிள்ளைகள் என்னுடைய ரியாக்‌ஷன் டிரிலில் எடுத்த நேரங்களைப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் நான் அடுத்தடுத்து இரண்டு டீ குடித்திருந்தேன். திசை மாறித் திரும்புவதில் அப்படி ஒரு வேகத்தை நான் பயிற்சி கொடுத்த எந்த அணியிலும் பார்த்ததில்லை. ஒரே ராத்திரியில் அந்த வேகம் எங்கே போயிருக்கும் என்று எனக்கு விளங்கவேயில்லை.

அணியின் தலைமைப் பயிற்சியாளர் துரைப்பாண்டி அண்ணாச்சி. பழைய ஆட்டக்காரர். முழங்காலில் தழும்பும் வாயில் வெற்றிலையும் உள்ளவர். ஆட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னவே, உம்ம பிள்ளைக மின்னலு மாதிரி திரும்புதாளுவன்னு சொன்னீரு?"

"ஆமா அண்ணாச்சி. நீங்களும்தான நேரம் எடுத்தீங்க."

"மின்னலு அங்கன அடிச்சிருக்கு. இடிதான் இங்கன விழுந்துட்டு."

அன்றைக்கு ஒரே ஒருத்தியின் பக்கம் மட்டும் கோல் வரவில்லை. வலது ஓரத்தைக் காக்கிற ரைட் பேக்காக ஆடிய இசக்கியம்மாள். அவள் பக்கமாக வந்த கேரளத்து விங்கர் நாலைந்து தடவை பந்தைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டாம் பாதியில் மைதானத்தின் மறுபக்கம் போய்விட்டாள். இதுவும் எனக்கு விளங்கவில்லை. என் டிரிலில் ஆகக் கடைசியில் இருந்தவள் அந்த இசக்கிதான்.

2. கையைப் பாருங்கள்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அந்த டிரிலைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கால்பந்தில் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஓடுகிற வேலை அபூர்வம். நாலு எட்டு, ஒரு திருப்பம், மறுபடி நாலு எட்டு. அதனால் தரையில் லேடர் என்கிற நாடா ஏணியை விரித்துக் கால்களைப் பழக்குவோம். கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடவிடுவோம். ஆனால் அதிலெல்லாம் எங்கே திரும்பவேண்டும் என்று ஓடுகிறவளுக்கு முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் யார் முன்கூட்டிச் சொல்லப்போகிறார்கள்?

அதற்காகத்தான் ரியாக்‌ஷன் டிரில். ஒருத்தி என்னை நோக்கி ஓடிவருவாள். அவள் நடுக்கோனுக்கு வருகிற நேரத்தில் நான் வலக்கையையோ இடக்கையையோ நீட்டுவேன். கை காட்டிய பக்கத்துக் கோனுக்கு அவள் வெட்டி ஓடவேண்டும். அங்கே அண்ணாச்சி ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார். முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தேன்: "கையைப் பாருங்க. கையை மட்டும் பாருங்க."

அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற அந்த முகாம் தென்காசியில் நடந்தது குற்றால அருவிகளின் சீசன் நேரத்தில். அங்கே அந்த மாதங்களில் காலையில் வெயில் போல ஒன்று வரும், உடனே சாரல் அடிக்கும், பின்னாலேயே காற்று வந்து சாரலைத் துரத்தும். நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் கரிசல் காட்டில் வானத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலே அது மழைதான், அதற்குக் குடைதான். போதாக்குறைக்கு எனக்குத் தீராத மூக்கடைப்பு. ஆகவே பெரிய கறுப்புக் குடை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் மைதானத்தில் நிற்பேன். அந்த ஊர்க்காற்றுக்கு ஒரு கை போதாது. இரண்டு கையாலும் காம்பைப் பிடித்தால்தான் குடை நிற்கும்.

அணியின் கேப்டன் பெனிட்டாவுக்கு இதைப் பார்த்தால் பொறுக்காது. ஸ்ட்ரைக்கர், செங்கோட்டைப் பெண், வாய் நீளம்.

"சாரலுக்குப் போயி யாராவது குடை பிடிப்பாவளா சார்? காசு குடுத்து ரூம் போட்டு இதுல நனையத்தான் எல்லாரும் வாராவ."

"எனக்குச் சளி பிடிச்சா உனக்கு யாரு கை காட்டுவா?"

"குடை காட்டும் சார்," என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இசக்கி சிரிக்கவில்லை. அவள் அதிகம் சிரிக்கிறவளும் இல்லை. சுந்தரபாண்டியபுரத்துப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் வயல், நிறையக் கோபம். பி.காம். மூன்றாம் வருஷம், ஆகவே பல்கலைக்கழக அணியில் ஆட அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஒருநாள் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள்.

"டீம்ல ஆடுனா ஒரு சர்ட்டிபிகேட் தருவாங்கல்லா சார். போலீஸ் வேலைக்கு விளையாட்டுக் கோட்டாவுல மனுப்போட அது உதவும். இந்த வருசமும் எடுக்கலன்னா எங்கப்பா ஷூவத் தூக்கி மச்சுல போட்டுருவேன்னுட்டாரு."

"உன் திருப்பம் லேட்டாகுதேம்மா. கை காட்டுன பொறவு ஏன் யோசிக்கிற?"

"யோசிக்கல சார்," என்றாள். கோன்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

3. அருவியும் கட்டைவிரலும்

தோற்ற மறுநாளிலிருந்து காரணம் தேடும் படலம் ஆரம்பமானது. எனக்கு முதலில் சந்தேகம் வந்தது குற்றாலத்து அருவிமேல். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் கூட்டமாகப் போய் அருவியில் நிற்பார்கள். ஆட்டத்தன்று காலையிலும் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் முதுகிலும் தொடையிலும் அடித்தால் உடம்பு இளகி, ஒரு சுகமான தூக்கம் வரும். அது விடுமுறைக்கு வந்தவர்களுக்கு நல்லது. ஸ்பிரிண்ட் எடுக்க வேண்டியவர்களுக்கு ஆகாது என்று முடிவுகட்டி, முகாம் முடிகிறவரை அருவிக்குத் தடை போட்டேன்.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அருவிக்குப் போகாதே என்று சொன்ன மனுஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிள்ளைகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். டிரிலில் நேரம் பழையபடி அருமையாக இருந்தது. சாயங்காலம் எங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டால், பழையபடி மரம் மாதிரி நின்றார்கள். சரி, அருவி இல்லை.

அடுத்து, செங்கோட்டைப் பக்கம் எல்லைக் கடைகளில் விற்கிற பார்டர் பரோட்டாவைச் சந்தேகப்பட்டேன். அதையும் நிறுத்தினேன். இதற்கு அண்ணாச்சியே என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு ஒரு நாள், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, ஸ்டாப்வாட்ச்சை நீங்க கொஞ்சம் முந்தி அமுக்கிருதீங்களோ?"

அவர் தன் வலது கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்த வெரலு மேலயா சந்தேகம்? நல்லாப் பாத்துக்கிடும்வே. பொறவு ஊருக்குப் போயி வெரலு சரியில்லன்னு சொல்லப்படாது."

"இல்ல அண்ணாச்சி, எனக்கே ஒண்ணும் பிடிபடல. டிரில்ல கடைசியா வர்ற இசக்கி ஆட்டத்துல முதல்ல நிக்கிறா. டிரில்ல முதல்ல வர்றவ எல்லாம் ஆட்டத்துல காலை அசைக்கவே மாட்டேங்கிறா."

"இசக்கி பேச்ச எடுக்காதீரும். பேப்பர்ல அவதான் கடைசி. நீரே குடுத்த நேரம். அவளுக்குப் பதிலா வேற பிள்ளையப் போடச் சொல்லி மேலேருந்து கேக்காவ. நான் என்னத்தக் காட்டிச் சமாளிக்க? அன்னைக்கு ஒரு ஆட்டத்துல நல்லா நின்னுட்டான்னா?"

நேரம் பொய் சொல்லாது என்று சொல்லிச் சொல்லித்தான் என் பிழைப்பே நடந்தது. இப்போது இந்த ஒருத்திக்காக, நேரத்தை நம்பாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? வெள்ளிக்கிழமை காலை கடைசி டெஸ்ட், அதோடு தேர்வு என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் பூராவும் பழைய நேரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் ஷூ மச்சுக்குப் போவதற்கு நான்தான் ஏணி பிடிக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

4. கம்பி ஒடிந்த காலை

வெள்ளிக்கிழமை காற்று ஒரு தினுசாக இருந்தது. வார்ம்-அப் முடிந்து பிள்ளைகள் வரிசையில் நின்றபோது மேற்கே மலைப்பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தது. என் குடை தாமரை மாதிரி மேல்பக்கமாக விரிந்து, இரண்டு கம்பி ஒடிந்து, மைதானத்தின் ஓரம்வரை உருண்டு போனது. பெனிட்டா கைதட்டினாள். நான் நனைந்துகொண்டே டெஸ்ட்டை ஆரம்பித்தேன்.

முதலில் பெனிட்டாவே ஓடிவந்தாள். நடுக்கோன் வந்தது. நான் வலக்கையை நீட்டினேன். அவள் நின்றுவிட்டாள். திரும்பத் தெரியாமல் ஒரு கணம் தத்தளித்து, அப்புறம்தான் ஓடினாள். அண்ணாச்சி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவள் நான் இடக்கையைக் காட்ட, என் வலக்கைப் பக்கம் போய்விட்டாள். வரிசையாக எல்லாரும் தடுமாறினார்கள். இசக்கி மட்டும் எப்போதும் எடுக்கிற அதே நேரத்தை எடுத்தாள். அன்றைக்கு அதுவே முதலிடம்.

ஸ்டாப்வாட்ச்சுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்றேன். அண்ணாச்சி துண்டால் துடைத்துக் காதருகே வைத்துப் பார்த்தார். தரை வழுக்குகிறதோ என்று நானே ஓடிப்பார்த்தேன். வழுக்கவில்லை. இதற்குள் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி சலித்துப்போய், வாசலிலிருந்த டீக்கடையில் ஒரு குடையை இரவல் வாங்கிவந்து என் கையில் திணித்தார்.

"இதப் பிடியும். நீரு தும்முத தும்மல்ல பிள்ளைக பயந்து நிக்காளுவ போல. இன்னொரு தடவ பாப்போம்."

குடையை விரித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். பெனிட்டா ஓடிவந்தாள். நான் கையை நீட்டி முடிப்பதற்குள் அவள் பாதித் தூரம் போயிருந்தாள். பழைய மின்னல். அடுத்தவளும் மின்னல். அதற்கடுத்தவளும்.

நான் குடையை நிமிர்ந்து பார்த்தேன். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினவன் கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலக்கையை நீட்டவேண்டும் என்றால் முதலில் காம்பு இடக்கைக்கு மாறவேண்டும். காம்பு மாறும்போது குடை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாயும். கை பிறகுதான் வரும். இத்தனை நாளும் திசையைச் சொன்னது என் கை இல்லை.

எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "குடையைப் பாத்தா ஓடுனீங்க?"

ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஏமாத்துக்காரியளா," என்று அண்ணாச்சி எழுந்தார். "அப்ப நான் எடுத்த நேரம் பூராவும்?"

"குடைக்கு எடுத்த நேரம் அண்ணாச்சி," என்றேன்.

பெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏமாத்தணும்னு இல்ல சார். மொதல்ல எனக்கே தெரியாது. காலு தானா போயிரும். நீங்க சொல்லுததுக்கு முன்னாலயே குடை சொல்லிருது, கண்ணு பாத்திருது. பாக்காதன்னு கண்ணுகிட்ட எப்படிச் சொல்ல முடியும்?"

நான் இசக்கி பக்கம் திரும்பினேன். "நீ மட்டும் பாக்கலையா?"

"பாத்தேன் சார். ரெண்டாம் நாளே தெரிஞ்சுட்டு."

"அப்புறம் ஏன் கடைசியா வந்த?"

"நீங்க கைய மட்டும் பாக்கணும்னு சொன்னீங்க. குடையப் பாத்து ஓடுனா பொய் சொன்ன மாதிரி இருந்துச்சு. அதான் நடுக்கோன் வார வரைக்கும் தரையப் பாத்துக்கிட்டே வருவேன்."

"எடம் போயிருமேட்டி கோட்டிக்காரி," என்றார் அண்ணாச்சி. அவர் குரல் இறங்கியிருந்தது. "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னா இவளுவளக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்லா கோச்."

நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். சளி என்று சொல்லிக்கொண்டேன்.

தேர்வு அன்றைக்குள் முடிந்தாகவேண்டும். கையும் வேண்டாம் குடையும் வேண்டாம் என்று இரண்டையும் தூக்கிப் போட்டேன். பெனிட்டாவிடம் பந்தைக் கொடுத்து, டிஃபெண்டர்கள் ஒவ்வொருத்தியையும் தாண்டிப் போகச் சொன்னோம். எல்லாரையும் தாண்டினாள். இசக்கியிடம் மட்டும் பந்தை இழந்தாள். மறுபடி வரச் சொன்னோம். மறுபடியும் இழந்தாள். மூன்றாவது தடவை கோபத்தில் வேகமாக வந்து, இடப்பக்கம் போகிற மாதிரி காலை வீசி, வலப்பக்கம் வெட்டினாள். இசக்கி அந்தப் பக்கத்தில் முன்கூட்டியே நின்றிருந்தாள்.

"இதுல எதப் பாத்த?" என்று கேட்டேன்.

"இடுப்ப சார். பந்து ஏமாத்தும், காலு ஏமாத்தும், இடுப்பு போற பக்கம்தான் ஆளு போவான்னு கோச்சுதான் டெய்லி கத்துவாவ."

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கத்துனது ஒருத்தி காதுலயாவது விழுந்திருக்கு," என்றார். அணிப் பட்டியலுக்கு அவள் பெயரை அவரே முதலில் சொன்னார். மேலே கேட்கிறவர்களுக்கு அந்தக் கட்டைவிரலைக் காட்டிச் சமாளித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அன்று மாலை அருவிக்குத் தடை நீங்கியது. இசக்கி முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்ததை அருவிச் சத்தத்துக்கு நடுவே பார்த்தேன். கேட்கத்தான் முடியவில்லை.

5. இன்னும் தெளியாதது

பிறகு அந்த டிரிலை நான் மாற்றிவிட்டேன். கை காட்டுகிற ஆளுக்குப் பதிலாகப் பந்தோடு வருகிற ஆள். ஆரம்பத்தில் எல்லாருக்கும் நேரம் மோசமாக வந்தது. ஆனால் குடையைக் கண்டுபிடித்த கண்கள் இடுப்பைக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆகவில்லை. பெனிட்டா கூட்டத்தை ஏமாற்றுக்காரிகள் என்று அண்ணாச்சி சொன்னது தப்பு என்று அப்போது நினைத்தேன். சொல்வதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதானே ஆட்டம். அவர்கள் செய்தது அதைத்தான்.

அப்படியானால் சொன்ன சொல்லுக்காகத் தரையைப் பார்த்து ஓடிய இசக்கி செய்தது என்ன? அது ஆட்டம் இல்லை. ஆனால் அதுவும் எனக்கு வேண்டியிருந்தது. எதை அதிகம் பாராட்டுவது என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். இளைய பயிற்சியாளர்களுக்கு நான் துணிந்து சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் வேகமாக இருக்கிறார்கள் என்றோ மந்தமாக இருக்கிறார்கள் என்றோ முடிவுகட்டுமுன் அவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்று, அங்கிருந்து உங்களை ஒரு தடவை பாருங்கள். நீங்கள் ஒன்றைச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் தோளில் இருப்பது வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

போன சீசனில் குளிப்பதற்காகக் குற்றாலம் போனேன். ஸ்கூட்டரில், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு. அருவிக்குப் பிரிகிற இடத்தில் வண்டிக் கூட்டம். ஒரு பெண் போலீஸ் சாரலில் நனைந்தபடி நடுவில் நின்று, வண்டிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் இடப்பக்கம் திருப்பினேன். விசில் அடித்தது.

"ஸ்கூட்டர், நில்லுங்க. நான் இன்னும் கையே காட்டல, அதுக்குள்ள எங்க திரும்புதீங்க?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். இசக்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

"சார்."

"நீ இடப்பக்கந்தானம்மா காட்டப்போன?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"கை வர்றதுக்கு முன்னால உன் தொப்பி சாஞ்சிருதும்மா."

அவள் தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள். பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொப்பியை நேராக வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, போலீஸ் குரலில் சொன்னாள்.

"அதெல்லாம் பாக்கப்படாது சார். கையப் பாருங்க. கைய மட்டும் பாருங்க."